காளையார்கோவில் 1801: ஒற்றை ஆளாக ஆடும் போர் விளையாட்டை வீட்டிலேயே செய்வது எப்படி

ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஆடக்கூடிய வரலாற்றுப் போர் விளையாட்டுகள் வெளிநாடுகளில் ஏராளம். வரைபடம், காய், பகடை, சீட்டு எல்லாம் இருக்கும். எதிரே ஆள் மட்டும் இருக்க மாட்டார். எதிரிப் படையை விதிகளே நடத்தும். காலனிக் காலப் போர்களை வைத்துச் செய்தவையும் அதில் நிறைய உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, அவற்றில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது வெள்ளைக்காரர் நாற்காலிதான். 1879-இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சிக்கிய சிறிய பிரிட்டிஷ் காவல்படை நாம். சூழ்ந்து வரும் சூலுக்களை விதிகள் நடத்தும். கார்ட்டூம் முற்றுகைக்குள் இருக்கும் ஜெனரல் கார்டன் நாம். வெளியே நிற்கும் மஹ்தியின் படை விதிகளின் கையில்.

இதைத் திருப்பிப் போட்டால்தான் விளையாட்டு நன்றாக அமையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நியாயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் முழுக்க விளையாட்டுத் தொழில்நுட்பம் சார்ந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் படை உத்தரவு, சம்பளம், மாட்டு வண்டி, கடிதம் இவற்றை வைத்து நகர்ந்த படை. சென்னைக் கோட்டையிலிருந்து கடிதம் வந்தால் நடக்கும். அரிசி வராவிட்டால் நிற்கும். அதை நடத்த மூளை வேண்டாம், ஒரு பை நிறைய அட்டை வில்லைகள் போதும். மறுபக்கத்தில் இருந்தவர்கள்தான் ஒவ்வொரு வாரமும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்கிற இடத்தில்தானே விளையாடுகிறவர் உட்கார வேண்டும்?

நான் காரைக்குடியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர் இவைதான் தொழில். காளையார்கோவில் எங்களுக்குப் பக்கம். 1801-இல் கும்பினிப் படை அந்த ஊரைப் பிடிக்க என்ன பாடுபட்டது என்று படித்தபோது, இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது என்று தோன்றியது. அந்த விளையாட்டை நீங்களும் செய்வதற்கான வழி இது. பகடை உருட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

1800-1801 கிளர்ச்சி பெரியது. திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபாரில் பழசி ராஜா, மைசூர் வடக்கே தூந்தாஜி வாக், நெல்லைச் சீமையில் ஊமைத்துரை என்று தீபகற்பம் முழுக்கப் பரவியது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைத்தால் விதிப்புத்தகம் தலையணை அளவுக்கு வரும், யாரும் ஆட மாட்டார்கள்.

ஆகவே நான்கே நான்கு தேதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1801 மே 24: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுகிறது, காயத்தோடு தப்பிய ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் வந்து சேர்கிறார். ஜூலை கடைசி: கும்பினிக் கர்னல் அக்னியூவின் படை சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வருகிறது. ஊருக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு மருதுவின் ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். செப்டம்பர் 12: சோழபுரத்தில் கும்பினி வேறொருவருக்குச் சிவகங்கைப் பட்டம் கட்டுகிறது. அக்டோபர் 1: காளையார்கோவில் விழுகிறது.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம். மாதத்துக்கு மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து நாள். மொத்தம் 15 சுற்று. அக்டோபர் கடைசிவரை ஏன் போக வேண்டும் என்றால், அதற்குள் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். கண்மாய்கள் நிறைந்து, புதிதாக வெட்டிய பாதையெல்லாம் சேறாகி, பீரங்கி வண்டி நகராது. 15-ஆம் சுற்று முடியும்போது காளையார்கோவில் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். கும்பினியை விரட்டுவது வெற்றிக்கான நிபந்தனையே இல்லை. மழை வரும்வரை தாங்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது, இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

ஏ3 அளவில் ஒரு வரைபடம். வெறும் தாளில் வரைந்து, நோட்டு பைண்டிங்குக்குப் போடும் கிரே போர்டில் ஒட்டினால் வளையாமல் நிற்கும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விட்டுவிடுங்கள். வில்லைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அருமையாக இருக்கும். 300 ஜிஎஸ்எம் அட்டை, கத்தரிக்கோலுக்கு ஒழுங்காக வெட்டுப்படும். எல்லா வில்லையும் ஒரே அளவு, பின்பக்கம் ஒரே நிறம். கையை விட்டுத் தடவும்போது வித்தியாசம் தெரியக்கூடாது. துணிப்பை ஒன்று, பகடை இரண்டு, புளியங்கொட்டை ஒரு கைப்பிடி, சோழி பத்துப் பன்னிரண்டு, தடம் குறிக்கச் சட்டைப் பொத்தான்கள். கடையில் வாங்க வேண்டியது பகடை மட்டும்தான்.

வரைபடத்தின் நடுவில் காளையார்கோவில். அதை நோக்கி மூன்று சாலைகள் வரையுங்கள்.

மேற்கே மதுரையிலிருந்து திருப்புவனம், மானாமதுரை, சிவகங்கை. வடக்கே நத்தத்திலிருந்து பிரான்மலை, திருப்பத்தூர், சிறுவயல். தெற்கே இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, இளையான்குடி. மதுரை, நத்தம், இராமநாதபுரம் மூன்றும் கும்பினியின் தளங்கள். அவற்றை உங்களால் தொட முடியாது.

ஒவ்வொரு சாலையிலும் கடைசி ஊருக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவில் காடு. அதைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள்: வடக்கில் 6, மேற்கில் 7, தெற்கில் 8. தெற்குச் சாலையில் ஊர் ஒன்று குறைவு என்பதால் காட்டைக் கூட்டி ஈடுகட்டியிருக்கிறேன்.

காட்டுக்குப் படம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். அது 1801-இல் இந்த மண்ணிலேயே கிடையாது, பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. நாட்டுக்கருவேலம், உடை, இலந்தை, காரை, சூரை இவற்றை வரையுங்கள். முள் இருக்கட்டும், ஆனால் அந்தக் காலத்து முள்ளாக இருக்கட்டும்.

கும்பினியை நடத்தும் பை

எதிரியின் மூளை இந்தப் பைதான். 15 வில்லைகள் செய்யுங்கள்.

"நகர்வு" ஒன்பது: மேற்குக்கு மூன்று, வடக்குக்கு மூன்று, தெற்குக்கு மூன்று.
"சாமான் வண்டி" இரண்டு.
"கடிதம்" இரண்டு.
"துணைப்படை" ஒன்று.
"பேரம்" ஒன்று.

சுற்றுக்கு மூன்று வில்லை, பார்க்காமல் எடுக்க வேண்டும். எடுத்ததை வெளியே வையுங்கள். ஐந்து சுற்றில் பை காலியாகும், அப்போது மறுபடி நிரப்பலாம். 15 சுற்றுக்கு மூன்று பை. இப்படி வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. எத்தனை நகர்வு மிச்சம் என்று உங்களால் எண்ணிக்கொண்டே வர முடியும். எப்போது வரும் என்று மட்டும் தெரியாது. ஒற்றர் வைத்திருந்த பாளையக்காரருக்கும் ஏறக்குறைய இதே அளவுதான் தெரிந்திருக்கும்: வடக்கே படை கூடுகிறது என்று தெரியும், என்றைக்குப் புறப்படும் என்று தெரியாது. பகடை உருட்டி எதிரியை நகர்த்தினால் இந்த உணர்வு வராது. பகடைக்கு நேற்று என்ன விழுந்தது என்ற நினைவு இல்லை, பைக்கு இருக்கிறது.

மூன்று தளத்திலும் ஒவ்வொரு கும்பினிப் படைப்பிரிவு நிற்கும். பலம் 4, அதிகபட்சம் 6. ஒவ்வொன்றிடமும் மூன்று சோழி. அவை பொதி மாடுகள். ஒரு படையிடம் நான்கு சோழிக்கு மேல் சேரக்கூடாது.

நகர்வு வந்தால் அந்தச் சாலைப் படை அடுத்த ஊருக்குப் போகும். ஊர் பிடிபட்டால் உங்கள் நம்பிக்கைத் தடத்தில் ஒரு படி இறங்குங்கள் (தடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). சாமான் வண்டி வந்தால் ஒவ்வொரு படைக்கும் ஒரு சோழி. கடிதம் வந்தால் ஒன்றும் நடக்காது, சென்னையிலிருந்து பதில் வரக் காத்திருக்கிறார்கள். துணைப்படை வந்தால் காளையார்கோவிலுக்கு மிக அருகில் இருக்கும் படையின் பலம் ஒன்று கூடும். எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கும்பினிக்கு ஆளும் தானியமும் கொடுத்தார்கள் என்பதை மறைக்காமல் இந்த வில்லையில் வைத்திருக்கிறேன். பேரம் வந்தால் நம்பிக்கை ஒன்று குறையும்.

காட்டு விதி

விளையாட்டின் நெஞ்சு இது, இங்கே அவசரப்படாதீர்கள்.

சிறுவயலுக்கு வந்த பிறகு கும்பினிப் படை ஆகஸ்ட் முழுக்கக் காட்டை வெட்டிப் பாதை போட்டது. பகலில் மரம் வெட்டுகிறவர்களைக் காக்கப் படை நிற்க வேண்டும், படைக்குச் சோறு வர வண்டி வேண்டும், வண்டிக்குக் காவல் வேண்டும். புதருக்குள்ளிருந்து துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. கடைசியில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையைக் கைவிட்டு ஒக்கூருக்குப் பின்வாங்கினார்கள். பீரங்கி இருந்தது, ஐரோப்பியச் சிப்பாய்கள் இருந்தார்கள், ஆனாலும் ஒரு காட்டைக் கடக்க முடியவில்லை. இந்தத் தோல்வி உங்கள் மேசையில் தானாக நடந்தால் விளையாட்டு சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

விதி இதுதான். காட்டு முனையில், அதாவது காட்டுக்கு முந்தைய கடைசி ஊரில், நிற்கும் படைக்கு நகர்வு வந்தால், முதலில் ஒரு சோழியைக் கழியுங்கள். சோழி இல்லையென்றால் வெட்டு கிடையாது, பலமும் ஒன்று குறையும். சோழி இருந்தால் ஒரு பகடை. விழுந்த எண் படையின் பலத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் ஒரு கட்டம் வெட்டுப்படும். ஒன்று விழுந்தால் இரண்டு கட்டம். வெட்டுப்பட்ட கட்டத்தில் பொத்தான் வையுங்கள்.

கடைசிக் கட்டமும் வெட்டுப்பட்ட பிறகு வரும் அடுத்த நகர்வில் நேரடித் தாக்குதல். கும்பினிக்கு ஒரு பகடையும் பலமும். திறந்திருக்கும் மற்ற ஒவ்வொரு சாலைக்கும் கூடுதலாக ஒன்று. உங்களுக்கு ஒரு பகடையும் காளையார்கோவிலில் இருக்கும் புளியங்கொட்டைகளும் (அவைதான் உங்கள் ஆட்கள்), நான்குக்கு மேல் எண்ணக்கூடாது. கும்பினி அதிகமானால் ஆட்டம் முடிந்தது. சமமோ குறைவோ ஆனால் அந்தப் படை பலத்தில் இரண்டு இழந்து, ஒரு கட்டம் பின்வாங்கும், அந்தக் கட்டம் மறுபடி காடாகும்.

உங்கள் பக்கம்

தலைவர்கள் நான்கு பேர்: சின்ன மருது, வெள்ளை மருது, ஊமைத்துரை, இராமநாதபுரம் சீமையில் எழுந்த மயிலப்பன். ஒவ்வொருவரிடமும் மூன்று புளியங்கொட்டை, அவைதான் ஆட்கள். தொடக்கத்தில் யாரை எந்த ஊரில் வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

சுற்றுக்கு மூன்று செயல், தலைவருக்கு ஒன்றுதான். ஆக எப்போதும் ஒருவர் சும்மா இருப்பார். யாரைச் சும்மா விடுவது என்பதுதான் ஒவ்வொரு சுற்றிலும் உங்களை வாட்டும் கேள்வி. நான்கு செயல் கொடுத்துப் பார்த்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது.

செயல்கள் ஐந்து. ஒன்று, நடை: தலைவர் கொட்டைகளோடு பக்கத்து ஊருக்கோ காளையார்கோவில் வழியாக வேறு சாலையின் காட்டுக்கோ போகலாம். இரண்டு, பதுங்கித் தாக்குதல்: அந்தச் சாலையில் படைக்கு அடுத்துள்ள இடத்தில் தலைவர் இருக்க வேண்டும். ஊரில் 5, 6 விழுந்தால் படையின் பலம் ஒன்று குறையும். படை காட்டு முனையில் நின்றால் 4 விழுந்தாலே போதும். 1 விழுந்தால் உங்கள் கொட்டை ஒன்று போகும். சின்ன மருதுவுக்குப் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று, வண்டி மறிப்பு: அதே நிலையில் நின்று பகடை உருட்டி 4-க்குக் குறையாமல் விழுந்தால் ஒரு சோழியைப் பறிக்கலாம். நான்கு, முள் அடைப்பு: ஒரு கொட்டை செலவு, வெட்டிய கட்டம் ஒன்றில் வைத்த பொத்தானை எடுத்துவிடலாம். ஐந்து, ஆள் திரட்டல்: ஒரு கொட்டை சேரும், நம்பிக்கை 5-க்கு மேல் இருந்தால் இரண்டு.

நீங்கள் நிற்கும் ஊருக்குள் படை வந்தால் இரண்டு வழி. பேசாமல் அடுத்த இடத்துக்குப் பின்வாங்கலாம். நின்றால் இருவருக்கும் ஒவ்வொரு பகடை. அவர்களுக்குப் பலத்தையும் உங்களுக்குக் கொட்டையையும் கூட்டுங்கள். குறைந்தவர் ஒன்றை இழந்து பின்னால் போவார். திறந்த வெளியில் நிற்பது பெரும்பாலும் நஷ்டம்தான், சில நேரம் வேறு வழி இருக்காது.

பலம் பூஜ்யமான படை தளத்துக்குத் திரும்பும். அடுத்த பை நிரப்பும்போது பலம் 3, சோழி 3 என்று மறுபடி புறப்படும். அது வெட்டிய காட்டுப் பாதையும் பிடித்த ஊர்களும் இதற்கிடையில் உங்களுடையவை.

நம்பிக்கைத் தடம் 0 முதல் 10 வரை. தொடக்கம் 7. ஊர் பிடிபட்டால் ஒன்று இறங்கும். ஒரு சுற்றில் எங்காவது ஒரு படையின் பலத்தைத் தாக்கிக் குறைத்தால் ஒன்று ஏறும். பூஜ்யம் ஆனால் காடு எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறும் செய்தியும் வெளியே இருக்கும் குடிகளிடமிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு முடிச்சுகள்

வெறும் இயந்திரமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், இரண்டு இடத்தில் வரலாறு வந்து கையைப் பிடிக்க வேண்டும்.

முதலாவது இரண்டாம் சுற்று. 1801 ஜூன் 16-இல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவில் இருக்கும் எல்லாச் சாதியாரும், கும்பினியில் சம்பளம் வாங்கும் சிப்பாய்கள் உட்பட, ஐரோப்பியருக்கு எதிராகச் சேர வேண்டும் என்று அழைத்த அறிக்கை. விளையாட்டில் இதைக் கட்டாயம் ஆக்காதீர்கள், கேள்வியாக வையுங்கள்: வெளியிடுகிறீர்களா? வெளியிட்டால் உடனே நம்பிக்கை இரண்டு ஏறும். ஆனால் அடுத்த பை நிரப்பும்போது ஒரு கடிதத்தை எடுத்துவிட்டு இன்னொரு துணைப்படையைப் போட வேண்டும். இது உள்ளூர்த் தகராறு இல்லை என்று சென்னைக்கு உறைத்துவிடுகிறது, இனி தாமதம் குறையும். வெளியிடாமல் விட்டால் தொடக்கத்தில் நிம்மதி. ஆகஸ்டில் ஆள் திரட்டப் போகும்போது அதன் விலை தெரியும்.

எது சரி என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. வெளியிடுவதுதான் என் கை. என் அக்கா மகன் கல்லூரியில் கணக்குப் படிக்கிறான், அவன் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெளியிடாம இருந்தாத்தான் மாமா சான்ஸ் அதிகம்" என்றான். இருக்கலாம். அந்த அறிக்கையை ஒட்டத் துணிந்தவரின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஒட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை. விளையாடுகிறவர் இப்படித் தடுமாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி.

இரண்டாவது முடிச்சு மூன்றாம் பை. இரண்டாம் பையை (6 முதல் 10-ஆம் சுற்று, அதாவது ஜூலை கடைசி முதல் செப்டம்பர் 10 வரை) நிரப்பும்போது ஒரு கடிதத்துக்குப் பதில் "மரம்வெட்டி" வில்லையைப் போடுங்கள். அது வந்தால், காட்டில் அதிகம் முன்னேறியிருக்கும் படை சோழி செலவில்லாமல் ஒரு கட்டம் வெட்டும். எந்தப் படையும் காட்டு முனைக்கு வராவிட்டால் வீண். 11-ஆம் சுற்றில் மூன்றாம் பை தொடங்கும். அதில் மரம்வெட்டி அப்படியே இருக்கட்டும், பேரத்தை எடுத்துவிட்டு "சோழபுரம்" வில்லையைப் போடுங்கள்.

காட்டை வெட்ட முடியாத அக்னியூ செய்தது இதுதான்: படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையத் தேவரைக் கூட்டிவந்து, சோழபுரத்தில் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்தார். பழைய அரச வம்சத்தின் உரிமை என்று சொல்லி மருதுக்களின் அடியிலிருந்த மண்ணை உருவினார். பீரங்கியைவிட இது நன்றாக வேலை செய்தது.

சோழபுரம் வில்லை வந்தால் ஒரு பகடை உருட்டி, அதில் பாதியை (அரையை மேலே கூட்டி) நம்பிக்கையிலிருந்து கழியுங்கள். கழித்த பிறகு 3 அல்லது அதற்குக் கீழே வந்தால், காட்டு வழி தெரிந்த ஆள் கும்பினிக்குக் கிடைத்துவிட்டார். மிகவும் முன்னேறிய சாலையில் இரண்டு கட்டம் ஒரேயடியாகத் திறக்கும். இரண்டு மாதம் வெட்டியும் நகராத பாதை ஒரே நாளில் திறப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். கலங்கட்டும். ஆகவே செப்டம்பருக்குள் நம்பிக்கையை 6-க்குக் கீழே விடாதீர்கள் என்பது நான் தரும் ஒரே ஆட்ட யோசனை. எத்தனை பெரிய எண் விழுந்தாலும் 3-க்கு இறங்காமல் தப்ப 7 வேண்டும்.

விதிப்புத்தகத்தின் பின்பக்கம்

தோற்றால் என்ன ஆகும் என்பதைப் புள்ளிக் கணக்காக எழுதாதீர்கள். தூக்கிலிடப்பட்டவருக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை போட்ட விளையாட்டுகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஒப்பவில்லை. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையும், நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் அவருடைய சகோதரர் செவத்தையாவும் தூக்கிலிடப்பட்டதையும், 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டதையும் நேர் வாக்கியங்களாகக் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எழுத்து அளவைக்கூட விதிகளுக்குப் போட்ட அதே அளவில்தான் வைத்தேன்.

அக்கா மகன் இன்னொன்றும் கேட்டான்: "கும்பினி பக்கம் ஆடக் கூடாதா மாமா?" தாராளமாக ஆடலாம். ஆனால் அதற்கு மருதுக்களை நடத்த ஒரு பை செய்ய வேண்டும். செய்துபார்த்தால் தெரியும், வில்லைகள் போதவே போதாது. இன்று தாக்கி நாளை மறைந்து, ஊரைத் தானே கொளுத்தி, அறிக்கை ஒட்டி, முள்ளை அடைத்து, அத்தனையையும் விதியாக்க முயன்றால் பை பிதுங்கிவிடும்.

ஆடிச் சரிபார்த்தல்

செய்து முடித்ததும் முதல் ஆட்டத்தில் உங்கள் பக்கம் எதுவுமே செய்யாமல் பையை மட்டும் ஓடவிடுங்கள். நம்பிக்கைத் தடத்தை இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். ஏதாவது ஒரு சாலை செப்டம்பர் கடைசியை ஒட்டித் திறந்தால் சரி. ஆகஸ்டிலேயே திறந்துவிட்டால் அந்தச் சாலையின் காட்டில் ஒரு கட்டம் கூட்டுங்கள். நவம்பர் எட்டும்வரை ஒன்றுமே திறக்கவில்லை என்றால் தொடக்கச் சோழியை நான்காக்குங்கள்.

அப்புறம் உங்கள் பக்கத்தையும் சேர்த்து ஆடுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முள் அடைப்பை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்து ஜெயிக்க முடிகிறதா? முடிந்தால் அதற்குக் கொட்டை இரண்டு என்று விலையை ஏற்றுங்கள். வண்டி மறிப்பை யாரும் தொடுவதே இல்லையா? அப்படியானால் சோழிகள் அதிகம், அதிகபட்சத்தை மூன்றாகக் குறையுங்கள். பலத்தையும் பகடை எண்ணையும் கடைசியில்தான் தொட வேண்டும். அவற்றை மாற்றினால் எல்லாமே மாறும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது. மாற்றியதைப் பென்சிலால் விதித்தாளின் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஆட்டம் கையில் படிந்த பிறகு முன்கதையைச் சேர்க்க ஆசை வரும். பாஞ்சாலங்குறிச்சியை இந்தப் பலகையில் ஒட்டவைக்காதீர்கள், அதற்குத் தனிப் பலகை வேண்டும். 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையை ஆட்களைத் திரட்டிச் சில நாட்களில் மண்ணாலேயே எழுப்பினார். மார்ச் 31-இல் கும்பினி மேஜர் மெக்காலே தலைமையில் வந்த தாக்குதலை அந்த மண்சுவரும் நீள ஈட்டிகளும் தடுத்து நிறுத்தின. அங்கே சாலை கிடையாது, காடு கிடையாது; சுவரில் விழும் உடைப்பும் அதை அடைக்கும் கைகளும்தான். பகலில் கும்பினியின் பீரங்கிச் சுற்று, இரவில் உங்கள் அடைப்புச் சுற்று என்று இரண்டு பாதியாகப் பிரித்து, சுவரை எட்டுத் துண்டாக வரைந்து தொடங்குங்கள். பைக்குப் பதில் அங்கே பகடை போதும், ஏனென்றால் குண்டு எங்கே விழும் என்று எந்த ஒற்றனும் சொல்ல முடியாது.